மூன்று வினாடிக்கு மேற்பட்ட மௌனம்

ஹெப்சிபா விடுப்பில் போய்விட்டாள்,
பாளையங்கோட்டைக்கு, கேக்குக்கு முந்திரி உடைக்க.
அவள் காதுக்கு வரவேண்டிய பேச்செல்லாம்
இன்றைக்கு என் காதுக்கு.
டிசம்பர் இருபத்து நான்கு.
கூத்தாநல்லூரில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.
பிரிட்டன் ரேடியோவில் பேச்சு
விடாமல் பெய்கிறது.

நிமிடத்துக்குப் பதினொரு ரூபாய்.
கேட்டதைக் கேட்டபடி தட்டச்சு செய்யவேண்டும்.
சிரிப்பை அடைப்புக்குள் போடவேண்டும்.
மூன்று வினாடிக்கு மேற்பட்ட மௌனத்தையும்.

பகல் பதினொன்றேகாலுக்கு அங்கே விடிகிறது.
விடியவில்லை, ரேடியோ மட்டும் எழுந்துகொள்கிறது.
முதலில் ஒரு விவசாயி.
வயலில் தண்ணீர் வடியவில்லையாம்,
பண்டிகைக்கு விற்கவேண்டிய குட்டிக் கோசு
தண்டோடு அழுகுகிறதாம்.
இந்த ஒரு கோப்புக்கு அகராதி தேவைப்படவில்லை.
லெட்சுமாங்குடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்
பொதி கட்டிய சம்பா
முட்டளவுத் தண்ணீரில் நிற்கிறது.
அந்த ஆளின் பெருமூச்சுக்கு விதிப்புத்தகத்தில் குறியீடு இல்லை.
விட்டுவிட்டேன்.

பிறகு வாத்துக்கறி காய்ந்துபோகாமல் வேகவைப்பது,
மாமியாரோடு மூன்று நாள் ஒரே வீட்டில் இருப்பது,
நாய்க்கு எந்தச் சாக்லேட் ஆகாது.
ஹெட்போன் ஓரம் கசிகிற சத்தம் கேட்டு
பல்கீஸ் மச்சி எட்டிப் பார்த்தாள்.
“சண்டையா போடுறாங்க?”
இல்லை மச்சி, ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்கொள்கிறார்கள்.
“அதுக்கா இவ்வளவு வேகம்?”

மாலை, பாங்குக்குக் கொஞ்சம் முன்னால்,
நேயர்கள் ஃபோனில் பேசும் நேரம்.
வடக்கே ஏதோ ஊரிலிருந்து ஒரு பெரியவர்,
பெயர் டெஸ்மண்ட்.
உறைந்த கோழி இளக எத்தனை மணி நேரம் என்றார்.
எத்தனை பேருக்கான கோழி என்றாள் தொகுப்பாளினி.
எட்டுப் பேருக்கு.
அப்படியென்றால் வீடு நிறைய ஆட்கள் என்றாள் அவள்.
இல்லை, கடையில் இதுதான் இருந்தது என்றார்.

[மௌனம்]

ஓட்டிப் பார்த்தேன். ஆறு வினாடி.
பின்னால் கெட்டிலோ குழாயோ, ஏதோ தண்ணீர்ச் சத்தம்.
அப்புறம் அவள் வானிலைக்குத் தாவிவிட்டாள்.

ராத்திரி வந்த வினாடி வினாவில்தான்
கொஞ்ச நேரம் கை நின்றது.
இருபத்தாறாம் தேதி ஒலிபரப்பாம்.
பதிவான மாதம் அக்டோபர் என்கிறது கோப்பின் தலைப்பு.
“நேற்று எல்லோரும் அளவுக்கு மீறிச் சாப்பிட்டிருப்பீர்கள்”
என்கிறான் ஒருவன். அரங்கம் அதிர்கிறது.
[சிரிப்பு]
இன்னும் வராத நேற்றை நினைத்து
இரண்டு மாதத்துக்கு முன்பே வயிறு பிடித்துச் சிரித்தவர்கள்.
அந்தத் தேதியை அப்படிப்
பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்க முடிகிறது.

நாகூரில் என் பெரியம்மா மகன்
ஒரு இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமைக் காலை,
சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனான்.

கரண்ட் போனது. இன்வர்ட்டர் கூவியது.
இருந்த மீதியையும் எழுதினேன்:
நடுநிசிப் பிரசங்கம், ஒரு பேய்க்கதை,
செய்தி, மறுபடி அதே செய்தி.

சுப்ஹு முடிந்து ஆறே காலுக்கு மேல் கடைசிக் கோப்பு.
அங்கே நள்ளிரவு தாண்டிக் கப்பல்களுக்கான அறிவிப்பு.
நாள் முழுக்க ஓடிய ஊர்
இப்போதுதான் நடக்கிறது.
கடலைத் துண்டு துண்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
ஒவ்வொன்றுக்கும் காற்று, மழை, பார்வை.
நன்று. சில வேளை மங்கல்.
நாகை துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருப்பதாக
முந்தாநாள் பேப்பரில் இருந்தது.
இறக்கிவிட்டார்களா தெரியவில்லை.

கோப்புகளை அனுப்பிவிட்டுப் பாய் விரிக்கும்போது
சரிபார்ப்பவரிடமிருந்து ஒரு வரி:
நேயர் நிகழ்ச்சியில் ஆறு வினாடி காலி,
ஒலிப்பிழையா? வெட்டிவிடலாமா?

தூக்கக் கண்ணோடு தட்டினேன்.
பிழை இல்லை.
ஆள் லைனில்தான் இருக்கிறார்.